வலது கைப் பழக்கம், ஆனால் இடது கண் முந்துகிறது: எந்தக் கை வில் எடுப்பது?

புதுநாண்:

வணக்கம். வில் பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. எழுதுவது, சாப்பிடுவது, பந்து எறிவது எல்லாமே எனக்கு வலது கைதான். அதனால் முதல் நாளே ஒரு வலதுகை வில்லை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், நானும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன். 20 பவுண்டு இழுவிசை உள்ள ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்), சைட் (வில்லில் பொருத்தும் குறிகாட்டி) கிடையாது, அம்பு நுனியை வைத்துத்தான் குறி பார்க்கிறேன், இரண்டு கண்ணும் திறந்துதான் இருக்கும்.

பிரச்சினை என்னவென்றால் 10 மீட்டரில் என் அம்புகள் எல்லாம் ஓரளவு பக்கத்தில் பக்கத்தில்தான் விழுகின்றன, ஆனால் விழும் இடம் நடுவிலிருந்து முக்கால் மீட்டர் இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. சில அம்புகள் இலக்கையே தாண்டிப் பின்னால் கட்டியிருக்கும் வலையில் போய்த் தொங்குகின்றன. அம்புத்தண்டு விறைப்பு அதிகம், அதனால்தான் இடது பக்கம் போகிறது என்று ஒருவர் சொன்னார், கொஞ்சம் வளைந்து கொடுக்கும் அம்பைக் கடன் வாங்கிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. நாணை விடும்போது கை முகத்தை விட்டு வெளியே போகிறது என்று இன்னொருவர் சொன்னார், இரண்டு வாரம் அதையே திருத்திக்கொண்டிருந்தேன். அதற்கும் அம்பு அசைந்து கொடுக்கவில்லை.

போன வாரம்தான் ஒருவர் கண்ணைச் சோதித்துப் பார் என்றார். இரண்டு கையையும் நீட்டி நடுவில் சின்ன ஓட்டை வைத்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். வலது கண்ணை மூடினால் கடிகாரம் அப்படியே இருக்கிறது, இடது கண்ணை மூடினால் காணாமல் போகிறது. அப்படியென்றால் என் ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கும்போது முந்துகிற கண், இடது கண், சரிதானே?

இப்போது சொந்தமாக வில் வாங்கும் நேரம். இடதுகை வில்லா, வலதுகை வில்லா? இடது கையால் எனக்கு ஒரு சட்டைப் பொத்தான்கூட ஒழுங்காகப் போட வராது, அதுதான் யோசனை.

கூர்முனை:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் ஏமாந்து தப்பான வில்லை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலதுகை வில் என்றால் வலது கையால் நாணை இழுக்கும் வில், பிடிப்பது இடது கை. இடதுகை வில் அதற்கு நேர்மாறு. பிடிக்கும் கையை வைத்துப் பெயர் வைக்கவில்லை.

அடுத்தது உங்கள் முக்கால் மீட்டர். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள், நீங்கள் இரண்டு மாதமாக அம்பைத்தான் நொந்துகொண்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாண் உங்கள் வலது கண்ணுக்குக் கீழே தாடையில் பதிகிறது, அம்பின் வால் அங்கே இருக்கிறது. அம்பின் நுனி முகத்திலிருந்து சுமார் 70 செ.மீ. முன்னால். இரண்டு கண்ணுக்கும் நடுவே 6 செ.மீ. சொச்சம் இடைவெளி. இப்போது நுனியையும் இலக்கையும் ஒரே கோட்டில் சேர்த்துப் பார்ப்பது உங்கள் இடது கண் என்றால், அந்தக் கோடும் அம்பு போகிற கோடும் நுனியில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு அதற்கு மேல் விலகிப் போகின்றன. 10 மீட்டரில் அந்த விலகல் ஏறக்குறைய 80 செ.மீ., அதுவும் இடப்பக்கம். நீங்கள் சொன்ன அளவு அப்படியே பொருந்துகிறது. இதே தவறோடு 18 மீட்டருக்குப் போனால் ஒன்றரை மீட்டர் தள்ளி விழும், அதனால் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

விறைப்பான அம்பும் வலதுகைக்காரருக்கு இடப்பக்கம்தான் போகும், கை வெளியே போனாலும் இடப்பக்கம்தான் போகும். அவர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்த இரண்டும் 10 மீட்டரில் இவ்வளவு தூரம் தள்ளாது.

சோதனையை இன்னும் நாலைந்து முறை செய்யுங்கள், ஆனால் கண்ணை மூடித் திறக்காமல். ஒரு நண்பரை எதிரே நிற்கச் சொல்லி, இரண்டு கண்ணும் திறந்தபடி ஓட்டை வழியாக அவர் மூக்கைப் பாருங்கள். உங்கள் எந்தக் கண் ஓட்டையில் தெரிகிறது என்று அவர் சொல்லட்டும், நீங்களே சொன்னால் மனம் ஏமாற்றும். விரலை நீட்டித் தூரத்துப் பொருளோடு சேர்த்துப் பார்க்கிற சோதனையும் உண்டு, அதை இத்தாலிக்காரர் போர்டா 1593லேயே எழுதி வைத்திருக்கிறார். தலையை நேராக வைத்துச் செய்யுங்கள், ஓரக்கண்ணால் பார்த்தால் ஆதிக்கம் கண் மாறிவிடுவதும் உண்டு.

அதெல்லாம் முடிந்ததும் இருக்கிற வலதுகை வில்லிலேயே, இடது கண்ணை நன்றாக மறைத்துக்கொண்டு ஆறு அம்பு விடுங்கள். அம்புகள் நடுவுக்கு வந்தால் கண்தான் காரணம், வராவிட்டால் வேறு காரணம். அதற்குப் பிறகு பேசலாம்.

பாதித்திரை:

எல்லோரும் உடனே கையை மாற்று என்பார்கள், அதற்கு முன்னால் என்னையும் கேளுங்கள். எனக்கும் உங்களைப் போலவே வலது கை, இடது கண். ஆறு வருடமாக வலதுகை வில்தான், ஒரு குறையும் இல்லை.

கண்ணாடி போடுகிறவன் என்பதால் இடது கண்ணாடியில் பாதி வெளிச்சம் விடுகிற மங்கலான டேப்பை ஒட்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான். கறுப்புத் துணிப் பட்டை கட்டிப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் தலை கனக்கிறது, ஒரு பக்கம் இருட்டாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணைச் சுருக்கி மூடுவது ஆறு அம்புக்குச் சரி, 72 அம்பு விடுகிற நாளில் கன்னமும் கழுத்தும் இறுகிப்போய்க் கடைசியில் தோளும் சேர்ந்து இறுகும். டேப்பில் அந்தத் தொல்லை இல்லை. போட்டியிலும் இதற்குத் தடை கிடையாது, உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதியே குறி பார்க்காத கண்ணின் கண்ணாடியை முழுதாக மூடலாம், டேப் ஒட்டலாம், கண்பட்டையும் கட்டலாம் என்கிறது. குறி பார்க்க உதவுகிற மாதிரி ஊசி ஓட்டையோ அடையாளமோ கண்ணாடியில் இருக்கக் கூடாது, அது மட்டும்தான்.

காம்பவுண்டுக்கு, அதாவது கப்பி வைத்த வில்லுக்கு, போகிற எண்ணம் இருந்தால் இந்தத் தலைவலியே பெரும்பாலும் கிடையாது, நாணில் கட்டியிருக்கிற பீப் துளை வழியாக ஒரு கண்தான் பார்க்க முடியும். சைட் இல்லாமல் இரண்டு கண்ணும் திறந்து விடுகிற உங்களுக்குத்தான் இது முழுதாகக் கடிக்கிறது.

இன்னொன்று, ஆதிக்கக் கண் என்றால் நன்றாகத் தெரிகிற கண் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இடது கண்ணில்தான் பவர் அதிகம், ஆனாலும் அதுதான் முந்துகிறது. கூர்மையான பார்வைதான் எல்லாம் என்றால் கொரியாவின் இம் டாங்-ஹியூன் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 699 புள்ளி எடுத்து உலக சாதனை செய்திருக்க முடியாது, அவருக்கு இலக்கு வெறும் மங்கலான நிறங்களாகத்தான் தெரிந்தது.

இடக்கைக்காரி:

பாதித்திரை சொல்வது ஆறு வருடம் பழகியவருக்குச் சரி. மூன்று மாதம் பழகியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். இப்போது மாற்றினால் இழப்பது மூன்று மாதம், மூன்று வருடம் கழித்து மாற்றினால் இழப்பது மூன்று வருடம்.

நான் ஒன்றரை வருடம் வலதுகையில் விட்டுவிட்டு மாறினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், முதல் இரண்டு வாரம் அழுகை வரும். நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் தோல் துண்டை (ஃபிங்கர் டேப்) இடது கையில் மாட்டினால் விரல்கள் யாருடையதோ மாதிரி இருந்தன. அம்பை நாணில் பொருத்தவே நாலு முறை தடவினேன், பொருத்தி இழுத்தால் பாதியில் அம்பு அதைத் தாங்கும் ரெஸ்டிலிருந்து சரிந்து விழும், ஏனென்றால் விரல்கள் என்னை அறியாமல் நாணை முறுக்குகின்றன. பிடிக்கிற வலது முழங்கையைத் திருப்பி வைக்க உடம்புக்குத் தெரியவில்லை, நாண் வந்து உள்பக்கம் சுளீர் என்று அடிக்கும், மூன்று நாளில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கோடு. 14 பவுண்டு லிம்ப் (வில்லின் வளைகிற பகுதி) போட்டு, மூன்று மீட்டரில் நின்று, தாள் இல்லாத வெறும் தட்டியில் விட்டுக்கொண்டிருந்தேன். பழைய நண்பர்கள் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் இழுத்து நிறுத்தியதும் அம்பு நுனி இலக்கின் நடுவில் ஒன்றாகவே தெரிந்தது. அதுவரை எனக்கு எப்போதும் இரண்டு நுனி தெரியும், எது நிஜம் என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்துக்கொண்டிருந்தேன், அது எல்லோருக்கும் அப்படித்தான் என்று வேறு நினைத்திருந்தேன்!

பொத்தான் போட வராத கை என்று பயப்படாதீர்கள். வில்லில் எந்தக் கைக்கும் நுணுக்கமான வேலை கிடையாது. ஒரு கை தள்ளுகிறது, ஒரு கை கொக்கி மாதிரி மாட்டிக்கொள்கிறது, இழுப்பது முதுகு, விடுவது என்பது விரலைத் தளர்த்துவது மட்டும்தான். கையைப் பழக்கலாம், கண்ணைப் பழக்குவது அதைவிடக் கஷ்டம். அர்ச்சுனன் இரண்டு கையாலும் விட்டு சவ்யசாசி என்று பெயர் வாங்கினான், நமக்கு ஒரு கை ஒழுங்காக வந்தால் போதும்.

சாமான் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ரைசரும் (வில்லின் நடுப்பிடி) ரெஸ்டும் விரலுக்கு மாட்டும் தோல் துண்டும்தான் கைக்குக் கை மாறும். லிம்ப், நாண், அம்பு எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ரைசர் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரத்துக்கு யாரிடமாவது இடதுகை வில் இரவல் கேளுங்கள்.

அப்பாவில்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மகளுக்கு ஒன்பது வயது, வலது கைப் பழக்கம். கண் சோதனையில் ஒரு முறை வலது, ஒரு முறை இடது என்று மாறி மாறி வருகிறது. என்ன செய்வது?

கூர்முனை:

அப்பாவில், இது சோதனை என்று சொல்லாமல் செய்யுங்கள். ஒரு தாளைச் சுருட்டிக் கொடுத்து, இதைத் தொலைநோக்கியாக வைத்து அந்த மரத்தைப் பார் என்றால் எந்தக் கண்ணுக்குக் கொண்டுபோகிறாள் என்று கவனியுங்கள். வேறு வேறு நாளில் பத்து முறை பாருங்கள். அப்போதும் கலந்துதான் வருகிறது என்றால் இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட சமம், அவள் கைப் பழக்கத்துக்கே விட்டுவிடுங்கள். தெளிவாக இடது என்றால் முதல் நாளிலிருந்தே இடதுகை வில், பிள்ளைகளுக்கு அது சிரமமே கிடையாது.

கையும் கண்ணும் வேறு வேறு பக்கம் இருப்பது அபூர்வம் என்று யாரும் எண்ண வேண்டாம். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் பத்துக்கு ஒருவர் என்றால், இடது கண் முந்துகிறவர்கள் சுமார் மூன்றில் ஒருவர். மீதிக் கணக்கை நீங்களே பாருங்கள். அதனால்தான் கண்ணைப் பார்க்காமல் வில்லைக் கையில் கொடுக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும்.

புதுநாண்:

எல்லோருக்கும் நன்றி, பத்து நாள் கழித்து வருகிறேன்.

நண்பர் எதிரே நின்று பார்த்தார், ஐந்து முறையும் இடது கண். பிறகு பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றின் இடப்பக்கத்தில் டேப் ஒட்டிக்கொண்டு வலதுகை வில்லில் ஆறு அம்பு விட்டேன். ஐந்து அம்பு நடுவைச் சுற்றி ஒரு சாணுக்குள், ஆறாவது பதற்றத்தில் மேலே போய்விட்டது. அதைப் பார்த்ததும், பேசாமல் பாதித்திரை வழியிலேயே போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது, நிஜமாகவே அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஆனால் எனக்கு சைட் இல்லாமல் இரண்டு கண்ணும் திறந்து விடுவதுதான் பிடித்திருக்கிறது, அதனால் 16 பவுண்டு இடதுகை வில் ஒன்றை இரவல் வாங்கி ஆறு நாள் விட்டுப் பார்த்தேன். அம்பு சரிந்து விழுவது, கத்தரிக்காய் நிறக் கோடு, இடக்கைக்காரி சொன்ன எல்லாம் வரிசையாக நடந்தது. அம்புகள் இப்போது நாலா பக்கமும் சிதறுகின்றன, வலதுகையில் விட்டபோது இருந்த நெருக்கம் போய்விட்டது. ஆனால் இடப்பக்கம் மட்டுமே போகிற அந்தப் பிடிவாதம் இல்லை. இடதுகை ரைசருக்குச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. ஆர்ம் கார்டை (நாண் அடிக்காமல் முன்கையைக் காக்கும் பட்டை) இன்னும் இடது கையிலேயே மாட்டிக்கொண்டு போய் நிற்கிறேன், முதல் அம்பு விட்டு நாண் வலது கையில் அடித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. இது எத்தனை நாளில் போகும்?

இடக்கைக்காரி:

எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை இரண்டு கையிலும் மாட்டிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.