வரும் அழைப்புகள் மட்டும் அரை நிமிடத்தில் துண்டிக்கப்படுகின்றன: லேண்ட்லைனை ஒப்படைக்கலாமா?

கேள்வி (கடலூர் முதுநகர், உதிரிபாகக் கடை)

வணக்கம். துறைமுகத்தை ஒட்டி, விசைப்படகு இன்ஜின் உதிரிபாகங்கள் விற்கும் கடை நடத்துகிறோம். மூன்று லேண்ட்லைன்களும் பழைய இன்டர்காம் பெட்டியும் இருக்கும் இடத்தில், ஃபைபர் வழியாக இயங்கும் இணையத் தொலைபேசியைச் சோதனையாகச் சேர்த்து, மேசைக்கு ஒன்றாக ஐ.பி. போன் வைத்திருக்கிறோம். நாங்கள் அழைத்தால் எவ்வளவு நேரமும் பேச முடிகிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்தாலோ ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருவர் தண்ணீர் பம்புக்கு இம்பெல்லர் கேட்டு, இன்ஜின் மாடல் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போய்விடுகிறது. சில நேரம் அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது, நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை. இப்போதுள்ள 100 எம்.பி.பி.எஸ். போதாது, பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்கிறார்கள் சேவை நிறுவனத்தார். மாத இறுதியில் லேண்ட்லைன்களை ஒப்படைப்பதாக இருந்தோம். என்ன செய்யலாம்?

மறுமொழி (புதுச்சேரி, நெட்வொர்க் பராமரிப்பு)

ஐயா, திட்டத்தை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். குரலை இணையத்தில் அனுப்பும் ஜி.711 என்ற முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 90 கே.பி.பி.எஸ். போதும், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை எம்.பி.பி.எஸ். அளவில்தான் வரும்.

நீங்கள் சொன்ன அரை நிமிடத்தில்தான் விடை இருக்கிறது. கடிகாரம் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 32 வினாடியாக இருக்கும். நீங்கள் அழைப்பை எடுத்ததும் உங்கள் போன் "எடுத்துவிட்டேன்" என்று சர்வருக்குச் செய்தி அனுப்பி, அது கிடைத்ததற்கான ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். அந்த ஒப்புதல் 32 வினாடிக்குள் வராவிட்டால் போனே அழைப்பை முடித்துவிடும். உங்கள் போன் தன் முகவரியாக 192.168 என்று தொடங்கும் கடைக்குள் மட்டும் செல்லும் எண்ணைக் கொடுத்து, ரவுட்டர் அதைத் தவறாகத் திருத்தி அனுப்புவதால் ஒப்புதல் வழிதவறிப் போகிறது. நீங்கள் அழைக்கும்போது ஒப்புதல் அனுப்ப வேண்டியது உங்கள் பக்கம் என்பதால் சிக்கல் எழுவதில்லை. ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பதும் பெரும்பாலும் இதே முகவரிக் குழப்பத்தால்தான்.

ரவுட்டர் அமைப்புகளில், அழைப்புச் செய்தியிலுள்ள முகவரியை இப்படித் திருத்தும் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அணைத்துவிட்டு, ரவுட்டரையும் போன்களையும் மறுபடி இயக்குங்கள். அதற்கு முன் ஒரு சோதனை: அதே இணையத் தொலைபேசிக் கணக்கைக் கைபேசியில் ஒரு செயலி வழியே திறந்து, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஓர் அழைப்பை எடுத்துப் பாருங்கள். அது துண்டிக்கப்படாவிட்டால் ரவுட்டர்தான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. மொபைல் டேட்டாவில் அழைப்பு துண்டிக்கப்படவில்லை. ஆனால் ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டியில் அந்தத் தேர்வே தென்படவில்லை.

மறுமொழி (புதுச்சேரி, நெட்வொர்க் பராமரிப்பு)

அந்தப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையைச் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றித் தரும்படி அவர்களிடம் எழுதிக் கேளுங்கள்; பிறகு அந்தத் தேர்வு உள்ள உங்கள் சொந்த ரவுட்டரை அதற்குப் பின்னால் இணையுங்கள்.

மறுமொழி (புதுச்சேரி, தங்கும் விடுதி நிர்வாகம்)

அழைப்பு சரியாகிவிட்டது என்பதற்காக லேண்ட்லைனை உடனே ஒப்படைத்துவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நம் நாட்டில் கைபேசி எண்ணைப்போல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை. பில் புத்தகத்திலும் படகுக்காரர்களின் கைபேசிகளிலும் பதிந்துள்ள உங்கள் 04142 எண்ணை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அந்த ஓர் இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, எஃப்.எக்ஸ்.ஓ. கேட்வே என்ற சிறு பெட்டியின் மூலம் ஐ.பி. போன்களோடு சேர்த்துவிடலாம்; மற்ற இரண்டையும் ஒப்படைத்துவிடலாம்.

இன்னொன்று மின்சாரம். செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருவதால் கடையில் மின்சாரம் இல்லாவிட்டாலும் சாதாரண போன் பேசும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஐ.பி. போன் மூன்றும் அப்படியல்ல. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பின் கடலூரில் பல பகுதிகள் எத்தனை நாள் இருளில் கிடந்தன என்பதை நீங்களே அறிவீர்கள். அன்றாட மின்வெட்டுக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். போதும். புயல் நாட்களுக்கு, போன்கள் தொடர்பில் இல்லையென்றால் அழைப்பு உங்கள் கைபேசிக்குச் செல்லும்படி சேவையின் கணக்குப் பக்கத்திலேயே அமைத்துவிடுங்கள். அது சர்வரில் நடப்பதால் கடை இருட்டாக இருந்தாலும் வேலை செய்யும்.

கேட்டவர்

பிரிட்ஜ் முறைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதிய ரவுட்டரில் அந்தத் தேர்வை அணைத்த பிறகு வரும் அழைப்புகள் துண்டிக்கப்படவில்லை, இரு பக்கமும் குரல் தெளிவாகக் கேட்கிறது. பலகையில் எழுதியுள்ள எண்ணை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை மட்டும் ஒப்படைக்க விண்ணப்பம் எழுதுகிறேன். கைபேசிக்குத் திருப்பிவிடும் அமைப்பை இன்று மாலை ரவுட்டரை அணைத்துச் சோதித்துவிட்டு இங்கே தெரிவிக்கிறேன்.