மருந்துக்கு "அடங்குநிலை", சோதனைக்கு "உணர்திறன்": ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் டர்பனிலிருந்து வணக்கம்.

பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளுக்கான சொற்பட்டியலில் "உணர்திறன்" என்னும் சொல்லை இரண்டு பொருளில் வைத்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நுண்ணுயிர் மருந்துக்குக் கட்டுப்படும் தன்மையையும் அச்சொல் குறிக்கிறது; எதிர்ப்புள்ள நுண்ணுயிரைத் தவறவிடாமல் கண்டறியும் சோதனையின் ஆற்றலையும் அதுவே குறிக்கிறது. "இந்த ஈஸ்ட் சோதனையில் உணர்திறன் குறைவு" என்று எழுதினால், ஈஸ்ட் மருந்துக்கு மசியவில்லை என்பதா, சோதனையை நம்ப முடியாது என்பதா?

தென்னாப்பிரிக்காவில் இக்குழப்பம் ஏட்டளவில் நிற்பதன்று. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பெறப்பட்டு முதன்முதலாக விவரிக்கப்பட்ட காண்டிடா ஆரிஸ் என்னும் நோய் உண்டாக்கும் ஈஸ்ட், இங்குள்ள மருத்துவமனைகளில் வேரூன்றிவிட்டது; அதன் பெரும்பாலான மாதிரிகள் ஃபுளுகோனசோல் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்துக்கு எதிர்ப்புக் கொண்டவை. ஆகவே மற்றொரு மருந்தான ஆம்போடெரிசின் பி பற்றிய ஆய்வக முடிவையே மருத்துவர் பெரிதும் எதிர்நோக்குகிறார். ஆனால் சில தானியங்கிக் கருவிகள், செந்தர நீர்ம நீர்த்தல் முறை (மருந்தைப் படிப்படியாக நீர்த்த நீர்ம ஊடகத்தில் நுண்ணுயிரை வளர்த்துப் பார்ப்பது) தருவதைவிட உயர்ந்த தடுப்புச் செறிவை, அதாவது வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவை, காட்டி, மருந்துக்கு அடங்கும் காண்டிடா ஆரிஸையும் எதிர்ப்புள்ளதாக அறிவித்தது பதிவாகியிருக்கிறது. பயன்படக்கூடிய மருந்து இவ்வாறு கைநழுவலாம்.

பேச்சுவழக்கிலேயே "காய்ச்சல் மருந்துக்கு அடங்கவில்லை" என்கிறோம். எனவே நுண்ணுயிரின் தன்மைக்கு "அடங்குநிலை" என்பதை முன்மொழிகிறேன். "உணர்திறன்" சோதனைக்கு மட்டும் உரியதாகட்டும். ஃபுளுகோனசோலின் மருந்தளவை உயர்த்தினால் மட்டுமே கட்டுப்படக்கூடிய காண்டிடா கிளாப்ராட்டா என்னும் வேறொரு ஈஸ்டின் நிலையை "அளவுசார் அடங்குநிலை" என எளிதில் விரித்துக்கொள்ளலாம். ஐயா ஒருவர் சென்ற மடலில் "ஏற்புத்திறன்" என்றார். அது மருந்தைத் தாங்கிக்கொள்ளும் பொருளையும் தருவதால், தாங்குதிறன் எனத் தனியே குறிக்கவேண்டிய நிலையோடு கலந்துவிடும் என்பதே என் தயக்கம்.

பிழைகளின் பெயர்களும் இதே பரிசீலனைக்கு உரியவை. எதிர்ப்புள்ளதை அடங்கும் என்று சொல்லும் பிழையை "மிகப் பெரும் பிழை" என்றும், அடங்குவதை எதிர்ப்புள்ளது என்பதைப் "பெரும் பிழை" என்றும் பட்டியலில் நேராகப் பெயர்த்திருக்கிறோம். பிழை எந்தத் திசையில் சென்றது என்பது எதிலும் தெரிவதில்லை. "தப்பவிட்ட எதிர்ப்பு", "பொய் எதிர்ப்பு" என்றால் சொல்லே பொருளைச் சொல்லிவிடும்; முன்னதில் நோயாளி பயனற்ற மருந்தையே பெற நேர்வதால் அதுவே கொடிது.

இறுதியாக "ஒப்புமை" என்பதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். தடுப்புச் செறிவு இருமடங்குப் படிகளில் அளக்கப்படுவதால், இரு முறைகளின் முடிவுகள் ஒரு படி விலகியிருந்தாலும் ஒத்தவையாகவே கொள்ளப்படும். இதனை "அளவொப்புமை" எனலாம். காண்டிடா ஆரிஸுக்கு ஆம்போடெரிசின் பி-யின் தற்காலிக எதிர்ப்பு வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் (அதுவும் அதற்கு மேலும் எதிர்ப்பு) என்பதால், ஒரு முறை 1 எனவும் மற்றொன்று 2 எனவும் காட்டினால் அளவொப்புமை கெடாமலே "அடங்குவது" என்னும் வகை "எதிர்ப்புள்ளது" என மாறிவிடும். இங்கே கெடுவது "வகையொப்புமை". அந்த ஈஸ்டின் பல மாதிரிகள் இவ்வரம்பை ஒட்டியே நிற்பதால், இவ்விரு சொற்களும் பட்டியலில் தனித்தனிப் பதிவுகளாக இடம்பெற வேண்டும் என வலியுறுத்துகிறேன். "அடங்குநிலை"யைவிடப் பொருத்தமான சொல் எவருக்கேனும் தோன்றினால், மேலுள்ள ஆம்போடெரிசின் எடுத்துக்காட்டில் அதைப் பொருத்திப் பார்த்து எழுதுமாறு வேண்டுகிறேன்.