பன்றி வேட்டைக்கு வாக்கி டாக்கி: குடும்பமாகப் போகும்போது எப்படிப் பேசுவது?

பகாவ்காரன்:
வணக்கம். மலேசியாவில், நெகிரி செம்பிலான் பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டம். மறுநடவுக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்கிறது. நிர்வாகத்தின் அனுமதியும் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசன்சும் இருக்கின்றன. அப்பா, மாமா இருவரிடமும் துப்பாக்கி; நானும் இரண்டு மச்சான்களும் நாய்களோடு பன்றியை அவர்கள் பக்கம் கலைத்து வருவோம். உள்ளே கைப்பேசிக்கு லைன் கிடையாது. ஐந்து வாக்கி டாக்கி வாங்கப் போகிறோம். பெட்டியில் 10 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

மேட்டு லயம்:
தம்பி, அந்த 10 கிலோமீட்டர் மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்கு, நடுவில் ஒன்றும் மறைக்காதபோது. வளர்ந்த செம்பனைக்குள் ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். மழையில் மட்டை நனைந்தால் அதுவும் குறையும். இடையில் மேடு இருந்தால் அந்தப் பக்கம் சுத்தமாகக் கேட்காது.

இடுப்பில் சொருகியபடி பேசினால் உடம்பே அலையை விழுங்கிவிடும். முக உயரத்துக்கு எடுத்து, ஏரியலை நேராக நிறுத்திப் பேசுங்கள். கேட்கவில்லையா, பத்தடி நகர்ந்து பாருங்கள்; பல நேரம் அதுவே போதும்.

சிரிம் (மலேசியத் தரச் சான்று) லேபிள் ஒட்டி உள்ள 477 மெகாஹெர்ட்ஸ் செட்டாக வாங்குங்கள் (477.0125 முதல் 477.4875 வரை). அதற்குத் தனி லைசன்ஸ் வேண்டாம். எல்லா அலைவரிசையிலும் பேச முடிகிற மலிவு செட்டைத் தொடாதீர்கள். தெரியாமல் அடுத்தவர் அலைவரிசையில் நுழைந்தாலும் குற்றம்தான்.

நாலாம் பீல்டு:
செட்டை வாங்கியதும் முதல் வேலை, 'வாக்ஸ்' வசதியை அணைப்பது. அது சத்தம் கேட்டதும் தானாகத் திறந்துகொள்ளும். நாய் குரைத்தாலே லைன் அடைபடும். பேசி முடித்ததும் வரும் பீப், பட்டன் சத்தம், சேனல் நம்பர் சொல்லும் குரல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பன்றியின் காது கூர்மை. அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒற்றைக் காது இயர்பீஸ் போதும், மற்ற காது காட்டுக்கு வேண்டும். டைம் அவுட் (பேச்சைத் தானாகத் துண்டிக்கும் நேரம்) 60 விநாடி வையுங்கள். யாராவது பட்டன்மேல் சாய்ந்துவிட்டால் அந்த ஒரு செட் எல்லார் வாயையும் அடைத்துவிடும்.

டோன் கோடு (அதே கோடு வைத்த செட்டின் பேச்சை மட்டும் கேட்கவிடும் வசதி) போட்டால் ரகசியம் என்று கடையில் சொல்வார்கள். இல்லை. மற்றவர் பேச்சு உங்களுக்குக் கேட்காது, அவ்வளவுதான். உங்கள் பேச்சு அவர்களுக்குக் கேட்கும்.

இனி மிக முக்கியமானது. பட்டனை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசுங்கள், முடித்து ஒரு விநாடி கழித்து விடுங்கள். அவசரத்தில் வாக்கியத்தின் தலையோ வாலோ வெட்டுப்படும். தமிழில் 'வேண்டாம்' வாலில்தான் இருக்கிறது. 'சுட வேண்டாம்' என்று சொல்லும்போது விரல் முன்கூட்டி எடுபட்டால், அந்தப் பக்கம் 'சுட' மட்டும் போய்ச் சேரும். ஆகவே 'சுடு' என்ற வார்த்தையே லைனில் வரக்கூடாது. நிறுத்த வேண்டுமானால் 'ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்'. சுடச் சொல்ல வார்த்தையே வைக்காதீர்கள். அது துப்பாக்கி பிடித்தவர் கண்ணால் பன்றியையும் அதன் பின்னால் இருப்பதையும் பார்த்து எடுக்கும் முடிவு.

இடது, வலதும் கூடாது. கலைப்பவரும் காத்திருப்பவரும் எதிரெதிரே இருப்பதால் மாறிவிடும். 'பாரிட் பக்கம்' (வாய்க்கால் பக்கம்), 'ரோட்டுப் பக்கம்' என்று சொல்லுங்கள்.

பகாவ்காரன்:
நன்றி அண்ணே. 'சுட' விஷயத்தை யோசிக்கவே இல்லை. ஒரு மச்சான் பதில் தரவில்லை என்றால் என்ன செய்வது? நடுவில் மான் கிளம்பினால்?

நாலாம் பீல்டு:
ஆளுக்கொரு நம்பர் கொடுங்கள். ஐந்து நம்பரும் பதில் சொன்ன பிறகுதான் தோட்டா உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு பீல்டு ரோட்டைத் தாண்டும்போதும் மறுபடி நம்பர். ஒருவர் பதில் தரவில்லையென்றால் மூன்று தடவை கூப்பிடுங்கள். அப்புறமும் இல்லையா, இரண்டு துப்பாக்கியும் திறந்து தோட்டா வெளியே. 'மேட்டுக்குப் பின்னால் இருப்பான்' என்ற ஊகம் வேண்டாம். லைன் கேட்காதவர் பக்கத்து ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்று முன்னாலேயே பேசி வையுங்கள். கலைப்பவர்கள் கடைசி ரோட்டைத் தொட்டதும் 'கடைசி ரோடு' என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதற்குமேல் உள்பக்கமாக ஒரு வெடியும் கூடாது.

மேட்டு லயம்:
மானுக்கு: ருசா (கடமான்), கிஜாங் (கேளையாடு) வேட்டைக்கு 2009இலேயே தீபகற்ப மலேசியாவில் தடை வந்துவிட்டது; பன்றி லைசன்ஸ் உங்களைக் காப்பாற்றாது. கலைப்பவர் கண்ணில் பட்டவுடன் 'கிஜாங்' என்று மூன்று முறை சொல்லட்டும். ருசாவுக்கும் அதே வார்த்தை. கேட்டதும் குழல் கீழே. அது ரோட்டைத் தாண்டும்வரை நாய்களை அடக்குங்கள்.

மழையில் குரல் மூக்கடைத்ததுபோல் கேட்டால் செட் கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். மைக் ஓட்டையில் தண்ணீர் நின்றிருக்கும். முகப்பைக் கீழாகப் பிடித்து இரண்டு உதறு உதறி, உங்கள் நம்பரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.