பெல்ட் கையில் இருந்தால் சாம்பியனா? உங்கள் வீட்டுச் சண்டையையும் சொல்லுங்கள்

செம்பவாங் தம்பி

2025 ஜூலை 20, ஞாயிறு. சிங்கப்பூரில் விடியக் காலை ஐந்து மணி தாண்டியிருந்தது. லண்டன் வெம்பிளியில் நடந்த ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டையில் டேனியல் டூபுவா ஐந்தாவது ரவுண்டில் விழுந்து எழவில்லை. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நாலு உலக அமைப்புகள் ஆளுக்கொரு சாம்பியன் பெல்ட் கொடுக்கின்றன; ஓலெக்சாண்டர் உசிக்கிடம் அந்த நாலு பெல்ட்டும் மறுபடி சேர்ந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து செருப்பை மாட்டினார். பந்தயப்படி அன்றைய பிராட்டாவுக்கும் தே தாரே டீக்கும் நான்தான் காசு கொடுக்க வேண்டும்.

அசல் சாம்பியன் டூபுவாவா, உசிக்கா என்ற இந்தப் பந்தயம் பத்து மாதமாக ஓடியது. 2024 செப்டம்பரில் அதே வெம்பிளியில், ஏறக்குறைய 96,000 பேர் முன்னால், டூபுவா ஆன்டனி ஜோஷுவாவை நாலு தடவை தரையில் உருட்டினார். அதைப் பார்த்துவிட்டு "இவன்தான் அசல் சாம்பியன்" என்று நான் வாய் விட்டேன். பெரியப்பா கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் பார்த்தவர், சத்தம் போட்டுப் பேசித்தான் பழக்கம். காப்பிக்கடையே திரும்பிப் பார்த்தது.

"பெல்ட்டை யாரை அடிச்சு வாங்கினான்?"

"ஜோஷுவாவை."

"ஜோஷுவாகிட்ட பெல்ட் இருந்துச்சா?"

இல்லைதான். அந்த ஐபிஎஃப் பெல்ட் அதற்கு முன்னாலேயே டூபுவாவிடம் வந்துவிட்டது. 2024 மே மாதம் ரியாத்தில் உசிக் டைசன் ஃபியூரியை வென்று நாலையும் சேர்த்தார். 1999இல் லெனக்ஸ் லூயிஸ் ஹோலிஃபீல்டை வென்று, அன்று கணக்கில் இருந்த மூன்று பெல்ட்டையும் சேர்த்த பிறகு, ஹெவிவெயிட்டில் எல்லாம் ஒரே கையில் வந்ததே இல்லை. ஆனால் ஃபியூரியோடு மறுசண்டை ஏற்கெனவே ஒப்பந்தமாகி இருந்தது. ஐபிஎஃப்போ, தன் வரிசையில் காத்திருப்பவனோடுதான் முதலில் மோத வேண்டும் என்றது. உசிக் ஜூன் மாதமே அந்தப் பெல்ட்டை விட்டுக் கொடுத்தார். அதே ஜூன் முதல் தேதி ஃபிலிப் ஹர்கோவிச்சை வென்று ஐபிஎஃப்பின் இடைக்காலப் பட்டம் வாங்கியிருந்த டூபுவா, வீட்டில் இருந்தபடியே முழுச் சாம்பியன் ஆனார்.

"பட்டா இவன் பேர்ல, உழுதவன் வேற ஆளு" என்றார் பெரியப்பா.

அப்புறம் அவருக்குப் பிடித்த கென் நார்ட்டன் கதை வந்தது. 1978 பிப்ரவரியில், அதுவரை ஏழே தொழில்முறைச் சண்டை போட்டிருந்த லியோன் ஸ்பிங்க்ஸ் முகமது அலியைத் தோற்கடித்தார். அடுத்து நார்ட்டனோடு மோதச் சொன்னது டபிள்யூபிசி. ஸ்பிங்க்ஸ் மறுபடியும் அலியோடு மோதவே போனார். பட்டத்தைப் பிடுங்கி நார்ட்டனுக்குக் கொடுத்தார்கள். முந்தைய நவம்பரில் நார்ட்டன் ஜிம்மி யங்கை வென்ற சண்டையைப் பட்டச் சண்டையாகக் கணக்கு வைத்துக் கொண்டார்கள்! உலகப் பட்டத்துக்காக மூன்று தடவை மேடை ஏறி மூன்றிலும் தோற்றவர் நார்ட்டன். ஆனாலும் சாம்பியன் பட்டியலில் பெயர் இருக்கிறது. இத்தனைக்கும் 1973இல் அலியின் தாடையை உடைத்த கை அவருடையது, சாதாரண ஆள் இல்லை.

உங்களுக்கும் இப்படி யாருடனாவது முட்டிக் கொண்டதா? சொல்லுங்கள்.

துவாஸ் நைட் ஷிப்ட்

எங்கள் தங்கும் விடுதியில் 2024 மே சண்டையை ஒரே போனில் எட்டுப் பேர் பார்த்தோம். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு, ஆனாலும் ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி தள்ளாடியபோது கட்டிலே ஆடியது. எனக்கு மேல் கட்டில் நண்பன் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. புள்ளி போடும் மூன்று நடுவரில் ஒருவர் 114-113 என்று ஃபியூரிக்குத்தானே கொடுத்தார், அப்போ அது எப்படிச் சுத்தமான வெற்றி என்பான். டிசம்பர் மறுசண்டையில் மூவருமே 116-112 என்று உசிக்குக்குக் கொடுத்ததைக் காட்டினேன். "அது வேற சண்டை"யாம். ஃபியூரி முதல் சண்டையில் உசிக்கைவிட 17 கிலோவுக்கு மேல் கூடுதல் எடையோடு நின்றதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டான்.

கையுறைக்காரி

நான் வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிறேன், போட்டிக்கெல்லாம் இல்லை. எல்லாரும் உசிக்கைத் தூக்கி வைத்துப் பேசுவதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃபில் இதே டூபுவா அவரை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தினாரே, அந்த அடி இடுப்புக்குக் கீழே, கணக்கில் வராது என்று மேடை நடுவர் சொல்லிவிட்டார். நான் அதை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கால்சட்டைப் பட்டையின் மேலேயே பட்ட மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது.

ஆனால் சிக்கல் எங்கே என்று பயிற்சியில்தான் புரிந்தது. ஒரு நாள் என்னோடு மோதிய பெண் கால்சட்டையை நன்றாக மேலே ஏற்றிக் கட்டியிருந்தாள். நான் வயிற்றுக்கு விட்ட குத்து பட்டையில் பட்டது, "கீழே அடிக்காதே" என்று எனக்குத்தான் திட்டு. இதற்குக் கீழே அடிக்கக் கூடாது என்ற கோடு தொப்புள், பட்டை அல்ல. பட்டை எங்கே இருந்தாலும் நடுவர் கண்ணாலேயே தொப்புளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் ஒரு நொடிக்குள், இரண்டு மலை மாதிரி ஆட்களுக்கு நடுவில். உசிக்குக்கு நாலு நிமிடத்துக்குப் பக்கமாக ஓய்வு கிடைத்தது. எழுந்தவர் ஒன்பதாவது ரவுண்டில் டூபுவாவை முடித்தார். அன்றைக்கு எனக்கு மனசு ஆறவில்லை. 2025 சண்டைக்குப் பிறகு சரி, விட்டுவிட்டேன்.

தேக்கா அப்பா

என் மகள் எட்டாவது பிறந்தநாளன்று கேட்டாள், "டபிள்யூபிஏ சாம்பியன் யாருப்பா?" உசிக் என்றேன். "அப்போ புலெவ் யாரு?" 2024 டிசம்பரில் மஹ்மூத் சாரை வென்று டபிள்யூபிஏவின் 'ரெகுலர்' சாம்பியன் ஆனவர் குப்ராட் புலெவ். அதே டபிள்யூபிஏவில் அப்போது உசிக் 'சூப்பர்' சாம்பியன். "ஒரு வகுப்புக்கு ரெண்டு மானிட்டரா?" என்றாள். ஒவ்வொரு பட்டச் சண்டைக்கும் வீரர்களின் ஊதியத்தில் ஒரு பங்கு அந்த அமைப்புக்குப் போகிறது, சாம்பியன் கூடினால் வரவும் கூடும் என்று விளக்கப் பார்த்தேன். அவள் கேக் வெட்டப் போய்விட்டாள்.

செம்பவாங் தம்பி

எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். 2025 நவம்பரில் உசிக் டபிள்யூபிஓ பெல்ட்டையும் விட்டு, அது இடைக்காலச் சாம்பியன் ஃபேபியோ வார்ட்லிக்குப் போனதில் அவருக்கு ஏகக் குஷி. "பார்த்தியா, இன்னொரு பட்டா!"

நான் விடவில்லை. நார்ட்டனின் பட்டம் காகிதப் பட்டம் என்றால், 1978 ஜூனில் நார்ட்டனை மயிரிழையில் வென்று அதை வாங்கிய லேரி ஹோம்ஸும் போலிதானே? ஹோம்ஸ் பெரியப்பாவின் தெய்வம். அதோடு, 1983இல் ஹோம்ஸ் டபிள்யூபிசியை விட்டு வந்தபோது, புதிதாகத் தொடங்கிய ஐபிஎஃப் சண்டை இல்லாமலேயே அவரைத் தன் சாம்பியன் ஆக்கியது. டூபுவாவுக்குச் சும்மா வந்த அதே பெல்ட்!

பெரியப்பா தே தாரேயை இரண்டு தடவை கலக்கினார். ஏற்கெனவே கலக்கி வந்த தே தாரே அது.

"ஏழு வருஷம் ஒருத்தனும் அவரை அசைக்க முடியலடா. எண்பதுல அலியே பத்து ரவுண்டுக்கு மேல வரல. ஹோம்ஸ் வேற."

"டூபுவா ஜோஷுவாவை அடிச்சது மட்டும் கணக்குல வராதா?"

"பிராட்டா ஆறுது, சாப்பிடு" என்றார். இந்தத் தடவை காசை அவர்தான் கொடுத்தார்.