ஜப்பான் குளியல் தொட்டி: சூடும் நிற்கவில்லை, தண்ணீரும் வடியவில்லை. உதவுங்கள்

மன்னார்குடி மருமகள்:
மாமியாருக்கு மூட்டு வலி. ஜப்பானில் வேலை பார்க்கும் கொழுந்தனார் சொல்லி, கழுத்தளவு தண்ணீரில் உட்காரும் ஆழமான ஃபைபர் தொட்டியைக் கீழ்வீட்டுக் குளியலறையில் வைத்தோம். 250 லிட்டர் பிடிக்கும். கீசர் 25 லிட்டர், 2 கிலோவாட். முதல் ரெண்டு வாளி சுடச்சுட வருகிறது, அப்புறம் பச்சைத் தண்ணீர்தான். குளித்து முடித்து அடைப்பானைப் பிடுங்கினால் பக்கத்துத் தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலி (ஓட்டைத் தட்டு) வழியாகப் பொங்கி நிலைப்படி வரை நிற்கிறது. மாடிக்கு மாற்றினால் வடிந்துவிடும் என்கிறார் மேஸ்திரி. மாற்றலாமா?

கும்பகோணம் கட்டட வேலை:
மாடிக்கு வேண்டவே வேண்டாம்மா. தண்ணீர், ஆள், தொட்டி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும், அதுவும் ஒரு சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில். வீட்டுத் தளத்துக்குக் கணக்கு வைப்பதே சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் பேச்சே கிடையாது.

பொங்குவதைப் பார்த்தால் தொட்டிக் குழாயையும் ஜாலிக் குழாயையும் ஒன்றாக இணைத்திருப்பார்கள் போல. அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் இறங்கினால் தாழ்ந்த வாய் வழியாகத்தான் மேலே வரும். தொட்டிக்குத் தனியாக 2 அங்குலக் குழாய் போட்டு, நல்ல வாட்டத்தோடு வெளியே கொண்டுபோங்கள். செப்டிக் டேங்கில் விட வேண்டாம். ஐப்பசி மழையில் நம் களிமண் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது.

திருவாரூர் எலக்ட்ரீஷியன்:
கீசரில் பழுது இல்லை, அளவுதான் பத்தாது. ஆள் உட்கார்ந்தால் மட்டம் ஏறும், அதனால் 200 லிட்டர் ஊற்றினால் போதும். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்றால், அதை 40க்குக் கொண்டுவர 60 டிகிரி வெந்நீர் 75 லிட்டர் கலக்க வேண்டும். உங்கள் கீசர் மூன்று தடவை காய வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஊற்றினதெல்லாம் ஆறிப்போகும். 100 லிட்டர் கீசரோ சோலாரோ போடுங்கள். இல்லையென்றால் தென்னை மட்டை அடுப்பில் ஓர் அண்டா வெந்நீர் போட்டுக் கலந்துகொள்ளுங்கள், அதுவும் சரிதான். தொட்டிக்கு ஒரு மூடி கட்டாயம். தண்ணீருக்குள் ஹீட்டர் ராடு போடச் சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

ஜப்பானில் இருந்தவன், தஞ்சாவூர்:
அக்கா, அங்கே வெளியே உட்கார்ந்து சோப்பு போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்குவார்கள். வீட்டில் எல்லோருக்கும் அதே தண்ணீர்தான். நீங்களும் அப்படியே செய்தால் சோப்பில்லாத தண்ணீரை வாழைக்கு விடலாம், குழாயைக் கொல்லைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். எனக்குக் கவலை அம்மாவைப் பற்றித்தான். முட்டி வலியோடு ரெண்டடிச் சுவரைத் தாண்டிக் காலை வைக்க வேண்டும். வெளியே அகலமான ஒரு படி கட்டி, சுவரில் கம்பிப் பிடி வையுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சூட்டிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், பத்து நிமிடம் போதும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

மன்னார்குடி மருமகள்:
குழாய்கள் சேரும் தொட்டியை, அதான் சேம்பரை, திறந்து பார்த்தோம் அண்ணே, நீங்கள் சொன்னது போலவே ஒரே குழாய்தான். பிளம்பரை வரச் சொல்லியாச்சு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இனி இறக்குவோம். படியை எவ்வளவு உயரம் கட்டலாம்?

கும்பகோணம் கட்டட வேலை:
ரெண்டடிச் சுவர் என்றால் 6 அங்குலமாக ரெண்டு படி. மேல்படி உட்காரும் அகலத்துக்கு வரட்டும். மேலே சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டுங்கள், வழவழப்பு வேண்டாம்.