வயதான நாய்க்குப் புற்றுநோய்: மூலிகை கொடுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கறுப்பியின் அப்பா:

கறுப்பிக்கு 12 வயது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவு கட்டி. லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். இந்த வயதில் ஊசி குத்தி வதைக்கக் கூடாது, கீமோ வேண்டாம் என்று நானே முடிவெடுத்தேன். தெரிந்தவர் கொடுத்த சூரணத்தைத் தேனில் குழைத்துக் காலையும் மாலையும் கொடுத்தேன். கடுங்கசப்பு. முதலில் சாப்பாட்டோடு பிசைந்து ஏமாற்றினேன். மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அதன்பின் தட்டு வைக்கும் ஓசை கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். 12 வருடம் அந்த ஓசைக்குப் பாய்ந்து வந்த பிள்ளை.

ஒரு நாள் அவளை வெளியே இழுத்து, வாயைத் திறந்து விரலால் உள்ளே தடவினேன். என் மணிக்கட்டைப் பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டாள். கடிக்கவில்லை, அழுத்தக்கூட இல்லை. பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். மருந்து எச்சிலோடு என் முழங்கைவரை வழிந்தது. ஐந்தாவது வாரம் போய்விட்டாள். மூலிகை என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது வயிற்றைப் பிசைகிறது.

ரோசியின் வீடு:

எங்கள் ரோசிக்கு மண்ணீரலில். ஹீமாஞ்சியோசர்கோமா என்ற இரத்தக்குழாய்ப் புற்றுநோய். மண்ணீரலை எடுத்த பிறகு வான்கோழிவால் காளான் மாத்திரை கொடுத்தோம். 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 15 நாய்களுக்கு இதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள் அல்லவா, அதைப் படித்து வந்த தெம்புதான். ரோசி விரும்பியே தின்றாள். நான்கு மாதம் ஓடியாடினாள். பிறகு ஒரு காலை எழுந்திருக்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. உள்ளே இரத்தம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த நான்கு மாதமும் காளான் தந்தது என்றே எல்லாரிடமும் சொல்லி வந்தேன். 2022இல் 101 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. காளான் சாறு மட்டும் பெற்றவை, கீமோ பெற்றவற்றைவிடக் கூடுதல் நாள் வாழவில்லை. படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

வாலாட்டி:

கறுப்பி அண்ணா, மூலிகையை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். என் நாய்க்குப் பிறப்புறுப்பில், நாய்க்கு நாய் தொற்றும் புற்றுக்கட்டி வந்தது. வாரம் ஒன்றாக ஆறு வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசியில் சுத்தமாகக் கரைந்தது. அந்த வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. லிம்போமாவுக்குக் கொடுக்கும் கூட்டு மருந்திலும் அதுதான் இருக்கிறது.

கீமோ என்றதும் மனிதர்கள் படும் பாட்டை நினைத்து எல்லாரும் பயந்துவிடுகிறார்கள். நாய்களுக்குக் கொடுக்கும் அளவு குறைவு. பெரும்பாலானவற்றுக்கு முடி கொட்டாது. பெரும்பாலும் ஓரிரு நாள் சோர்வு, வாந்தி, அவ்வளவுதான். ஒன்றும் செய்யாவிட்டால் லிம்போமாவில் நான்கு முதல் ஆறு வாரம். கூட்டு மருந்து கொடுத்தால் பல நாய்கள் ஒரு வருடம்வரை இருக்கின்றன. இன்னொன்று: கீமோவுக்கு முன்பே ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கிவிட்டால் பிறகு கீமோ சரியாக வேலை செய்யாமல் போகலாம். முடிவெடுக்கும் முன் புற்றுநோய் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறையாவது போய்விடுங்கள். கட்டியின் மேல் பூசும் கறுப்புக் களிம்பு பக்கம் மட்டும் போகாதீர்கள். அது நல்ல சதையையும் சேர்த்து அரித்துவிடும்.

மழைச்சாரல்:

வாலாட்டி தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இப்போது ஒரு வருடக் கணக்கைச் சொல்வானேன்? இன்னொன்றும் இருக்கிறது. நித்தியகல்யாணி என்று படித்ததும் இலையைப் பறித்து அரைக்க யாராவது கிளம்பிவிடுவார்கள். அது நஞ்சு. ஊசியில் இருப்பது பிரித்தெடுத்து அளந்த மருந்து.

நான் அப்படிக் கிளம்பியவள். நித்தியகல்யாணி இல்லை, மஞ்சளும் பூண்டும் சேர்ந்த கஷாயம். என் நாயின் மூட்டு வலிக்கு ஏற்கெனவே மெலோக்சிகாம் என்ற வலி மாத்திரை கொடுத்து வந்தோம். பூண்டு நாயின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதும், மஞ்சள் அளவு மீறினால் இரத்தம் உறைவதைக் கெடுக்கலாம் என்பதும் எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுவென்று போனது. மருத்துவர் கேட்டார்: "மாத்திரை தவிர வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா?"

இல்லை என்றேன்.

திட்டுவாரோ என்ற பயம். மேசைமேல் அவன் நின்றுகொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்திருந்தான். அவன் வாயிலிருந்து பூண்டு வாடை எனக்கே அடித்தது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அளவையும் நாளையும் மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரம்தான் இன்றும் என்னை அரிக்கிறது.

கறுப்பியின் அப்பா:

அக்கா, தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும். மருத்துவர் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை.

தம்பி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊசி போட்டு வந்த நாட்களில், தட்டு வைத்தால் உங்கள் நாய் எழுந்து வந்ததா?