அம்மைக்கு வாசித்துக் காட்டிய நாவல்

இந்த மழையில் இரண்டு நாவல்களை முடித்தேன், மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் எங்கள் பக்கத்துக் கதைகள். நான் இருப்பது பாறசாலை. அம்மை பிறந்தது இரணியல். 1956 வரை இரண்டும் ஒரே மாநிலம், இப்போது நடுவில் களியக்காவிளையில் கேரள-தமிழக எல்லை.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் தாமோதர ஆசான் கதை சொல்லும்வரை புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. நகராட்சித் தேர்தல் வந்ததும் எனக்குச் சுவாரசியம் குறைந்துவிட்டது. அடிக்க வராதீர்கள்.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ மூன்றே ராத்திரி. ஊரையே ஆட்டிப்படைக்கும் அகமதுக்கண்ணு முதலாளியைவிட, அவருக்கு வளைந்து கொடுக்காத சுறாப்பீலி மஹ்மூதுதான் எனக்குப் பிடித்தது.

அப்புறம் நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’. 1968இல் வந்த நாவல். வட்டார வழக்கு பிடிபடவில்லை என்று சென்னை நண்பர் பாதியில் மூடிவிட்டார். எனக்கு வேறு சிக்கல். மலையாளத்தில் படித்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். போதாததற்குச் சடங்கும் சம்பிரதாயமுமாகக் கதை நகரவே மாட்டேன் என்கிறது. சத்தமாக வாசித்தால் ஓடும் என்று திண்ணையில் உட்கார்ந்தேன். அம்மை பக்கத்தில் சொளவில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

கதையில் உண்ணாமலை ஆச்சி வாயைத் திறந்ததுமே, “கொள்ளாமே, இது எங்க பாட்டி பேச்சுல்லா” என்றாள் அம்மை. நான் தட்டுத்தடுமாறிய சொல்லையெல்லாம் பயற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே திருத்தினாள். நான் தாண்டப் பார்த்த சடங்குப் பக்கங்களைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். காதில் கேட்டபோது அவை எனக்கும் அலுக்கவில்லை.

நாகுவைப் பெண்ணே இல்லை என்று சொல்லி புருஷன் திருப்பி அனுப்பும் இடம் வந்தது. சொளவு நின்றுவிட்டது.

“சித்தியையும் இதைச் சொல்லித்தான் கொண்டு விட்டானுவ.”

கடைசிவரை எங்கள் வீட்டு அடுக்களையிலேயே கிடந்த சித்தி. கல்யாணமே ஆகாதவள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மேலே கேட்க வாயெடுத்தேன். “நீ வாசி மக்கா” என்று பயற்றை மறுபடி புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஆகவே இந்த நாவலைப் பற்றி நடுநிலையாக என்னால் பேச முடியாது. கதைநாயகன் திரவி மனசுக்குள்ளேயே நினைத்து நினைத்து மருகும் பக்கங்களைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

நேற்று நான் வேலைக்குப் போன நேரத்தில், அம்மை கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துச் சொல்லும்படி பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.